வாரச் சம்பள வீடுகளுக்குப் பொருந்தாத சிக்கனக் குறிப்புகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மளிகைச் செலவைக் குறைப்பது, வீட்டிலேயே மலிவாகச் சமைப்பது ஆகியவை பற்றி நாளிதழ்களின் குடும்பப் பக்கங்களில் அடிக்கடி குறிப்புகள் வெளிவருகின்றன. மாதத் தொடக்கத்தில் பட்டியல் எழுதுங்கள், மொத்தமாக வாங்குங்கள், தள்ளுபடி நாளில் பெரிய அங்காடிக்குச் செல்லுங்கள், வாரத்துக்குத் தேவையான காய்கறியை ஒரே நாளில் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள் என்பவை அவற்றில் தவறாமல் இடம்பெறும். இவற்றில் எதையும் தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால், திருப்பூரில் பனியன் கம்பெனிகள் சூழ்ந்த ஒரு தெருவில் மளிகைக் கடை நடத்தும் எனக்கு, என் கடைக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் இந்தக் குறிப்புகளைக் கடைப்பிடிக்கவே இயலாது என்பது கல்லாவில் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிகிறது. மொத்தமாக வாங்குவதற்குக் கையில் முதல் வேண்டும். தள்ளுபடி நாளில் அங்காடிக்குப் போக ஓய்வு வேண்டும். வாங்கிய காய்கறியை வைக்க ஃபிரிட்ஜ் வேண்டும். இந்த மூன்றும் உள்ள வீட்டில் சிக்கனம் தானாகவே பாதி கைகூடிவிடுகிறது. இல்லாத வீடு என்ன செய்யும் என்பதைச் சொல்வதற்காகவே இந்தக் கடிதம்.

திருப்பூரில் பின்னலாடைத் தொழிலாளர்களுக்குச் சம்பளம் வாரக் கணக்கில், பெரும்பாலும் சனிக்கிழமை மாலையில் கைக்கு வருகிறது. அன்றிரவும் மறுநாள் காலையும் கடையில் நிற்க இடமிருக்காது. முதலில் போன வாரத்துப் பற்று தீர்க்கப்படும்; பிறகு வாடகை, சீட்டு, குழுக் கடன் தவணை ஆகியவற்றுக்கு எடுத்து வைத்தது போக மிஞ்சியதில்தான் அரிசியும் பருப்பும் எண்ணெயும் வாங்கப்படும். புதன்கிழமை ஆகிவிட்டால் சரக்கின் அளவு சுருங்கிவிடும்: நூறு கிராம் துவரம்பருப்பு, கால் கிலோ வெங்காயம், பத்து ரூபாய் மிளகாய்த்தூள், சின்ன எண்ணெய் பாக்கெட் ஒன்று. வெள்ளிக்கிழமையானால் "அண்ணா, நோட்டுல எழுதிக்குங்க" என்ற குரல்தான் அதிகம். ஒரு மாதத்தில் இந்த வீட்டுக்கும் மாதச் சம்பளக்காரர் வீட்டுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு பருப்பும் எண்ணெயும் தூளும்தான் செலவாகின்றன. ஆனால் கிலோ கணக்கில் பார்த்தால், குறைவாகச் சம்பாதிக்கும் வீடுதான் கூடுதல் விலை கொடுக்கிறது.

எப்படி என்று கேட்பவர்கள் ஒரு பத்து ரூபாய் மசாலாத்தூள் பாக்கெட்டைக் கையில் எடுத்து அதன் எடையைப் படித்துப் பார்க்க வேண்டும். பத்து ரூபாய்க்கு இருபது கிராம் என்றால் கிலோ ஐந்நூறு ரூபாய் ஆகிறது. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகளின் விலையை உயர்த்தினால் விற்பனை படுத்துவிடும் என்பது கம்பெனிகளுக்குத் தெரியும். ஆகவே மூலப்பொருள் விலை ஏறும்போதெல்லாம் அவர்கள் விலையைத் தொடாமல் எடையைக் குறைக்கிறார்கள். பாக்கெட்டின் நீள அகலம் மாறாது. உள்ளே இருப்பது மட்டும் மெலியும். இதற்கென்றே பொட்டலப் பொருள் விதிகளில், ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லி லிட்டருக்கு என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்ற ஏற்பாடு சில ஆண்டுகளுக்கு முன்னர் கொண்டுவரப்பட்டது. எம்.ஆர்.பி. அச்சிடப்பட்ட இடத்துக்கு அருகிலேயே அந்த எண் இருக்கும். ஆனால் அதை என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டுதான் நானே படிக்க வேண்டியிருக்கிறது. கடையில் ஒருவர்கூட அதைப் பார்த்து வாங்கி நான் கண்டதில்லை. அந்த எண்ணைப் பார்க்கும் பழக்கம் ஒன்று வந்தாலே, வேறெந்தக் குறிப்பும் இல்லாமல் வாரச் செலவில் ஒரு பங்கு மிச்சமாகும்.

எண்ணெயில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகப் பார்க்க வேண்டியது. முன்பு செக்கிலோ கடையிலோ பாத்திரத்தைக் கொடுத்து வேண்டிய அளவு ஊற்றி வாங்கினார்கள். கலப்படத்தைத் தடுக்க வேண்டும் என்ற நியாயமான காரணத்துக்காகச் சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்பதற்கு உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை இருக்கிறது. இதனால் கையில் முப்பது ரூபாய் மட்டும் இருப்பவர் சின்ன பாக்கெட்டைத்தான் வாங்கியாக வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம். இப்போது சந்தையில் ஒரு லிட்டர் பாக்கெட்டைப் போலவே தோற்றமுள்ள, ஆனால் அதைவிடக் குறைந்த எடையுள்ள பாக்கெட்டுகள் பல வந்துள்ளன. பக்கத்துக் கடையைவிடப் பத்து ரூபாய் குறைவு என்று மகிழ்ந்து வாங்கிப்போகும் பாக்கெட்டில் எண்ணெயும் அந்த அளவுக்குக் குறைவாகவே இருக்கும். எடையைப் படிக்காமல் விலையை மட்டும் ஒப்பிடுவதில் பயனில்லை.

அரிசியில் வேறு வகையான வேடிக்கை நடக்கிறது. 2022 ஜூலை 18 முதல், அடைத்து முத்திரையிட்ட அரிசி, மாவு, பருப்பு பொட்டலங்களுக்கு 5 விழுக்காடு சரக்கு சேவை வரி விதிக்கப்பட்டது. 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கு அந்த வரி இல்லை. விளைவாக, தமிழ்நாட்டு அரிசிக் கடைகளில் அதுவரை இல்லாத 26 கிலோ மூட்டை பிறந்தது. ஒரே நேரத்தில் 26 கிலோ வாங்க வசதியுள்ளவர் வரி கட்டுவதில்லை; ஐந்து கிலோ பையாக வாங்குபவர் கட்டுகிறார். இதில் பலருக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. கடைக்காரர் மூட்டையைப் பிரித்து, தராசில் நிறுத்து, சாதாரணப் பையில் போட்டுத் தரும் அரிசிக்கும் பருப்புக்கும் இந்த வரி கிடையாது. பளபளப்பான பையில் அடைத்ததுதான் சுத்தமானது என்ற எண்ணத்தை ஒதுக்கிவைத்து, சாக்கிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி, நிறம் பார்த்து, ஒரு பருப்பைக் கடித்துப் பார்த்து வாங்கும் பழைய வழக்கம் வரியையும் பொட்டலச் செலவையும் சேர்த்தே மிச்சப்படுத்துகிறது.

இந்த 26 கிலோ மூட்டையையே தங்களுக்குச் சாதகமாக மாற்றிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் வரிசையாக அமைந்த ஒரு லைன் வீட்டில் குடியிருக்கும் நான்கு பெண்கள், சனிக்கிழமை இரவு ஒன்றாக வந்து ஒரு மூட்டை அரிசியும் இரண்டு கிலோ பருப்பும் ஒரு கிலோ வரமிளகாயும் மல்லியும் வாங்குகிறார்கள். என் தராசிலேயே அரிசியை ஆறரை கிலோ வீதம் நான்காக நிறுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் பணத்தைச் சேகரித்துக் கொடுக்கிறார்; இன்னொருவர் மிளகாயையும் மல்லியையும் வெயிலில் காயவைத்து மாவு மில்லில் அரைத்து வருகிறார். சிறு பாக்கெட்டுகளில் கிலோவுக்கு ஐந்நூறு ரூபாய் வரை போகும் தூள் அவர்களுக்குக் கணிசமாகக் குறைந்த விலையில் கிடைக்கிறது; மணம் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடைக்காரனுக்கு இதனால் நட்டமல்லவா என்று கேட்கலாம். பற்று நோட்டில் எழுதிவிட்டு வசூலாகுமா என்று கவலைப்படுவதைவிட, கொஞ்சம் குறைந்த லாபத்தில் ரொக்கமாக விற்பது எனக்கும் நல்லதுதான்.

அடுத்து நியாயவிலைக் கடை. 2007-ஆம் ஆண்டு தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின்கீழ் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் மாதம் ஒரு முறை தரப்படுகின்றன. அரிசி 2011 ஜூன் முதல் விலையின்றி வழங்கப்படுகிறது. வெளிக்கடையில் துவரம்பருப்பும் பாமாயிலும் ஒவ்வொன்றும் நூறு ரூபாய்க்குக் குறைவாகக் கிடைப்பதில்லை என்று வைத்துக்கொண்டால், இந்த இரண்டு பொருளில் மட்டும் ஒரு குடும்பத்துக்கு மாதம் 145 ரூபாயாவது மிச்சம். அரிசியையும் சேர்த்தால் தொகை பல மடங்கு பெருகும். இந்தியாவில் வேறெங்கும் எளிதில் காண முடியாத ஏற்பாடு இது என்பதில் எனக்கு ஐயமில்லை.

சிக்கல், பொருளை வாங்கி வருவதில் இருக்கிறது. சென்னை நீங்கலான மாவட்டங்களில் நியாயவிலைக் கடை காலை 9 முதல் 1 மணி வரையும் பிற்பகல் 2 முதல் 6 மணி வரையும் திறந்திருக்கும். பனியன் கம்பெனியில் ஷிப்டு காலை எட்டரைக்குத் தொடங்குகிறது. ஒன்றரை ஷிப்டு ஓடும் நாளில் இரவு எட்டு மணிக்கு மேல்தான் வீடு. விரல் ரேகை வைக்க வேண்டியிருப்பதால் அட்டையில் பெயருள்ள ஒருவர் நேரில் போயாக வேண்டும். அரை ஷிப்டை விட்டுவிட்டு வரிசையில் நின்றால் இழக்கும் கூலி, பருப்பிலும் எண்ணெயிலும் மிச்சமாகும் 145 ரூபாயை விழுங்கிவிடும். மாதத்தின் முதல் இரண்டு ஞாயிறுகளில் கடை திறப்பது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் அந்த ஞாயிறுகளில் பருப்பும் எண்ணெயும் இருப்பில் இருக்க வேண்டும். "அரிசி மட்டும் வாங்கிக்கோங்க, பருப்பு அடுத்த வாரம்" என்ற பதில், வேலைக்குப் போகிறவருக்கு "இந்த மாதம் பருப்பு இல்லை" என்பதற்குச் சமம். 2024-ஆம் ஆண்டு மே மாதத்துக்குரிய பருப்பையும் பாமாயிலையும் வாங்க இயலாதவர்கள் ஜூன் மாதத்தில் பெற்றுக்கொள்ளலாம் என்று அரசே அறிவிக்க நேர்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எழுபது வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுசெல்லும் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது, அதற்குப் பாராட்டுகள். அதே அக்கறையோடு, தொழிலாளர் நெருங்கி வாழும் பகுதிகளில் வாரத்தில் ஒரு நாளாவது இரவு ஒன்பது மணி வரை கடையைத் திறந்துவைக்கலாம். தென் மாவட்டங்களில் அட்டை வைத்துக்கொண்டு இங்கே வேலை பார்ப்பவர்கள் எந்தக் கடையிலும் வாங்கலாம் என்று 2020 அக்டோபர் முதல் ஏற்பாடு இருந்தும், கடையின் ஒதுக்கீடு பழைய கணக்கிலேயே இருப்பதால் கடைசியில் நிற்பவர் அவர்களாகவே இருக்கிறார்கள். அதையும் சரிசெய்ய வேண்டும்.

வாங்கிய அரிசியைச் சமைக்காமல் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு, வெளிக்கடையில் வேறு அரிசி வாங்குவோர் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. வாடை, நிறம், குழைவு என்று காரணம் சொல்கிறார்கள். அவ்வரிசியை மூன்று முறை நன்றாகக் களைந்து, அரை மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் வைக்காமல் பானையில் கொதிக்கவிட்டுக் கஞ்சி வடித்தால் வாடை பெருமளவு போய்விடும். களையும்போது மேலே மிதக்கும், கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும் மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கி எறிகிறார்கள். அவை செறிவூட்டப்பட்ட மணிகள்: அரிசி மாவுடன் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைச் சேர்த்து மணியாகப் பிழிந்து, நூறு மணிக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கப்பட்டவை. இரத்தசோகை மிகுந்த நாட்டில் அதைக் காசு கொடுக்காமல் பெற்றும் சாக்கடையில் கொட்டுகிறோம். விற்பனையாளர்களே இதை ஒரு பலகையில் எழுதி வைத்தால் போதும்.

சோற்றுக்குப் பிடிக்காத அந்தப் புழுங்கல் அரிசிதான் இட்லிக்கு ஏற்றது என்பது இந்தப் பகுதிப் பெண்கள் அனைவரும் அறிந்தது. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். உளுந்து விலை ஏறும் மாதங்களில் உளுந்தைக் கொஞ்சம் குறைத்து, ஒரு கைப்பிடி அவலோ பழைய சோறோ சேர்த்து அரைப்பார்கள். பஞ்சு போல் வராவிட்டாலும் கல்லாகாது. முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, மூன்றாம் நாள் புளித்த மாவில் வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்துபோட்டுப் பணியாரம். கடையில் மாவு பாக்கெட் விற்பவன்தான் நானும். விற்பனையும் நன்றாக நடக்கிறது. ஆனால் ஒரு மாவு பாக்கெட்டின் விலைக்கு உளுந்தை மட்டும் வாங்கி, ரேஷன் அரிசியோடு சேர்த்து வீட்டில் அரைத்தால் அதைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல் மாவு கிடைக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கிரைண்டரை ஒருமுறை ஓடவிட்டால் புதன்கிழமை காலை வரை கவலையில்லை.

வேலை முடிந்து இரவு எட்டரை மணிக்கு அடுப்பு மூட்டுகிறவருக்கு மூன்று பதார்த்தம் செய்யும் சக்தி இருக்காது. கொங்கு நாட்டில் இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள்: அரிசியும் பருப்பும் சாதம். ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், நாலைந்து பூண்டுப் பல், சீரகம், வரமிளகாய், மஞ்சள்தூள், கறிவேப்பிலை. அரிசியையும் பருப்பையும் ஊறப்போட்டுவிட்டு முகம் கழுவிக் குழந்தைகளைப் பார்த்து வருவதற்குள் வெங்காயம் உரித்துவிடலாம். குக்கரிலேயே தாளித்து, மூன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, மூன்று விசில் வந்ததும் அடுப்பை நிறுத்தி ஆவி தானே அடங்கும்வரை விட்டால் போதும், எரிவாயுவும் மிச்சம். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ ஒரு கரண்டி மேலே விட்டால் தொட்டுக்கொள்ள ஊறுகாய்கூட வேண்டியதில்லை. ரேஷன் அரிசியும் ரேஷன் பருப்பும் இதற்குத் தாராளமாக ஆகும். நான்கு பேர் வயிறாரச் சாப்பிட ஆகும் செலவு, இரண்டு பேருக்குப் பரோட்டா பார்சல் வாங்கும் காசைக்கூடத் தொடாது.

கொள்ளு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். துவரம்பருப்பு விலை மியான்மர், மொசாம்பிக், தான்சானியா விளைச்சலையும் இறக்குமதியையும் பொறுத்து ஏறி இறங்குகிறது. பல்லடம், காங்கேயம் பக்கத்து மானாவாரி நிலத்துக்குப் பழகிய கொள்ளு அந்த அளவுக்கு ஆடுவதில்லை. புரதத்தில் துவரைக்குக் குறைந்ததும் இல்லை. கொள்ளை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, கல் அரித்து, இரவே ஊறவைத்து வேகவைக்கிறார்கள். வெந்த நீரை இறுத்து மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டால் ரசம். வெந்த கொள்ளைச் சின்ன வெங்காயம், வரமிளகாய், மல்லி, சீரகத்தோடு வதக்கி மத்தால் கடைந்தால் கொள்ளுப் பருப்பு. ஒரே ஆழாக்குக் கொள்ளில் குழம்புக்கும் ரசத்துக்கும் சேர்த்து வழி கிடைத்துவிடுகிறது. ஊறவைக்க மறந்த நாளில் பச்சைப்பயறு இருக்கிறது. வறுத்து நேரே குக்கரில் போடலாம். கடையில் கொள்ளு கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களாக இருப்பதைப் பார்க்கிறேன். இளையவர்கள் அதை உடம்பு இளைப்பதற்கான மருந்து என்று கேள்விப்பட்டால் மட்டும் கேட்கிறார்கள்.

காய்கறியில் 2023 ஜூலை மாதத்தை நினைவுகூர்ந்தால் போதும். தக்காளி சென்னையில் கிலோ 200 ரூபாய் வரை போனபோது, அரசு பண்ணைப் பசுமைக் கடைகளிலும் நியாயவிலைக் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்றது. அந்த நாள்களில் தக்காளி இல்லாமல் எப்படிச் சமைப்பது என்று ஊரெல்லாம் பேச்சு. புளி விற்கும் எனக்கு அது வியப்பாக இருந்தது. தக்காளி நம் அடுப்படிக்கு வருமுன்பே சாம்பாரும் ரசமும் இருக்கின்றன. எலுமிச்சை அளவு புளியைக் கரைத்தால் முடிந்தது. மற்றபடி பருவத்தில் மலிந்து கிடப்பதை வாங்குவதுதான் வழி. சுரைக்காய், பரங்கிக்காய், பீர்க்கங்காய், வாழைத்தண்டு, முருங்கைக்கீரை எல்லாம் பெரும்பாலும் மலிவானவை. பீர்க்கங்காய்த் தோலையும் எறியாமல் துவையல் அரைக்கலாம்.

உழவர் சந்தைகள் 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கப்பட்டபோது சொல்லப்பட்ட நோக்கம், இடைத்தரகர் இன்றி விவசாயிக்கும் நுகர்வோருக்கும் நியாயமான விலை என்பது. மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதலாகவும் சில்லறை விலையைவிட 15 விழுக்காடு குறைவாகவும் ஒவ்வொரு நாளும் காலையில் விலை நிர்ணயித்துப் பலகையில் எழுதுகிறார்கள். திருப்பூர் தென்னம்பாளையம் உழவர் சந்தைக்கு விடியற்காலையில் போனால் பறித்த ஈரம் காயாத கீரையைக் காணலாம். ஆனால் எட்டரை மணிக்குக் கம்பெனி வாசலில் நிற்க வேண்டிய பெண், பிள்ளைகளைப் பள்ளிக்குத் தயார்செய்துவிட்டு அங்கே போய்த் திரும்ப இயலாது. அவர் மாலையில் தெருமுனைத் தள்ளுவண்டியில், காலை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து, வாடியதை வாங்குகிறார். காய்கறி அல்லாத பொருள்களுக்கு மாலை நேரச் சந்தைகள் சில இடங்களில் முயலப்பட்டன. தொழில் நகரங்களில் அவற்றைக் காய்கறிக்கும் விரிவுபடுத்தி, ஷிப்டு முடியும் நேரத்தையும் கணக்கில் கொண்டு நடத்த வேண்டும்.

மளிகையைப் பற்றி இவ்வளவு சொன்னபிறகு, செலவின் பெரும்பகுதி மளிகையிலேயே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மத்திய அரசின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, நகர்ப்புற வீடுகளின் மொத்தச் செலவில் அரிசி, கோதுமை போன்ற தானியங்களுக்கு 3.64 விழுக்காடுதான், பானங்கள், தயார் உணவுகள் ஆகியவற்றுக்கு 10.64 விழுக்காடு. கிராமங்களிலும் இதே போக்குதான்: தானியத்துக்கு 4.91, பானங்களுக்கும் தயார் உணவுகளுக்கும் 9.62. இது நாடு முழுவதற்குமான சராசரி. எங்கள் தெருவுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். காலை டீயும் வடையும், பதினொரு மணிக்கு ஒரு டீ, மாலையில் டீயும் போண்டாவும், பிள்ளைகளுக்கு ஐந்து ரூபாய் நொறுக்குத்தீனிச் சரத்திலிருந்து கிழித்துக் கொடுக்கும் இரண்டு பாக்கெட், இரவில் களைப்பு மிகுந்தால் பரோட்டா. இவற்றை எழுதிவைத்துக் கூட்டினால் அரிசிக் கணக்கைத் தாண்டிப் போய்விடும். இதைச் சோம்பல் என்று பழிப்பது நியாயமில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டு வேலை செய்கிறவர் டீ குடிக்கத்தான் செய்வார். நொறுக்குத்தீனியை மட்டும் மாற்றலாம். அவித்த நிலக்கடலையும் வறுத்த பொரிகடலையும் அதே காசுக்கு அதிகமாகவும் சத்தாகவும் கிடைக்கின்றன. முட்டையையும் மறக்கக் கூடாது. இறைச்சி வாங்க இயலாத வாரத்திலும் முட்டைக் குழம்பு ஒன்று வைத்தால் வீடு நிறைந்துவிடும்.

எண்ணெயைப் பற்றி ஒரு வரி மீதமிருக்கிறது. நம் நாட்டுச் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. 2024 செப்டம்பரில் இறக்குமதி வரியை உயர்த்தியதும் பாக்கெட் விலை ஏறியது, 2025 மே இறுதியில் சுத்திகரிக்காத சமையல் எண்ணெய்க்கான அடிப்படை வரி 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைந்தது. ஏறிய வேகத்தில் எந்த விலையும் இறங்குவதில்லை. வரியை நம்பி இருப்பதைவிட, தாளிக்கப் பாக்கெட்டிலிருந்து நேரே ஊற்றாமல் கரண்டியால் அளந்து விடுவது உடனே பலன் தரும்.

ஆசிரியர் அவர்களே, தங்கள் நாளிதழில் நாமக்கல் முட்டை விலையும் தங்கம் விலையும் நாள்தோறும் வெளியாகின்றன. அவற்றோடு அந்தந்தப் பதிப்பின் ஊர்களில் உள்ள உழவர் சந்தைகளின் காய்கறி விலைப் பட்டியலையும் வெளியிட்டால், மாலையில் தள்ளுவண்டியில் வாங்குகிறவருக்குப் பேரம் பேச ஒரு பிடிமானம் கிடைக்கும். மாதத் தொடக்கத்தில் மாவட்ட வழங்கல் அலுவலகத்தில் கேட்டு, பருப்பும் பாமாயிலும் நியாயவிலைக் கடைகளுக்கு எந்தத் தேதிக்குள் வந்துசேரும் என்பதை ஒரு சிறு கட்டத்தில் அச்சிட்டால், அரை ஷிப்டை இழந்து வெறும் பையோடு திரும்புகிறவர்களின் எண்ணிக்கை குறையும். குடும்பப் பக்கத்தில் அடுத்த முறை சிக்கனக் குறிப்பு எழுதுபவர், வாரச் சம்பளத்தில் வாழும் ஒரு வீட்டின் சனிக்கிழமைப் பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மளிகைக் கடைக்காரர் ஒருவர்,
திருப்பூர்.